கிராஃபில் இடம் இருக்கிறது, எட்டு மணிக்கு மேல் பக்கம் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது

உப்புக்காற்று (கீழக்கரை)

வணக்கம். கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி பக்கம் ஃபைபர் இணைப்பு கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் நெட்வொர்க் பார்க்கிறேன். வீடு, கடை எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு இணைப்பு வரும். ராமநாதபுரத்திலிருந்து எங்களுக்கு வரும் அப்ஸ்ட்ரீம், அதாவது பெரிய கம்பெனியிடம் நாங்கள் மொத்தமாக வாங்கும் லைன், 2 ஜிபிபிஎஸ்.

இரவு எட்டு மணி ஆனால் போதும், பதினொன்று வரை போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. நெட் வரவில்லை, நெட் வரவில்லை. டிராஃபிக் கிராஃபைத் திறந்தால் உச்சத்திலேயே 1.4ஐத் தாண்டவில்லை. இப்போது தடைக்காலம் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, ஆட்கள் எல்லாம் வீட்டில், பிள்ளைகளுக்கு லீவு, அதோடு ஐபிஎல்லும் சேர்ந்துகொள்கிறது. எங்களுக்கு வருடத்தில் டிராஃபிக் உச்சம் தொடுவதே இந்த நாட்களில்தான்.

இதில் புரியாத ஒன்று இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மேட்ச் நிற்பதில்லை. புதிதாக ஏதாவது திறந்தால்தான் சுற்றிக்கொண்டே இருக்கிறது. முதலாளி இன்னும் ஒரு ஜிபிபிஎஸ் வாங்கிவிடலாம் என்கிறார், அப்ஸ்ட்ரீம்காரரும் தினமும் அதையேதான் ஓதுகிறார். வாங்கலாமா, வேண்டாமா?

---

பாம்பன்வாசி

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி, வாங்கிப் போடுங்கள். டிராஃபிக் ஏறத்தான் செய்யும், இறங்கின வரலாறு கிடையாது. முன்பு வீட்டுக்கு ஒரு போன், இன்று டிவி, நான்கைந்து போன், வாசலில் கேமரா. ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் வாடிக்கையாளர் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார். நாங்கள் தீவில் செய்வது இதுதான், உச்சம் 70 சதவீதம் தொட்டால் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த ஜிபிக்கு ஆர்டர்.

---

ரூட்டர்காரன் (சொந்த ஊர் தொண்டி, பிழைப்பு சென்னை)

பாம்பன்வாசி அண்ணன் சொல்லும் 70 சதவீத விதி மோசமில்லை, அதற்குக் கணக்கும் இருக்கிறது. வரிசைக் கோட்பாட்டில் ஆக எளிய மாதிரியை எடுத்தாலே, லைன் பாதி நிறைந்திருக்கும்போது ஒரு பாக்கெட் கடக்கும் நேரம் காலி லைனைப் போல 2 மடங்கு. 90 சதவீதம் என்றால் 10 மடங்கு, 95 என்றால் 20 மடங்கு. அதனால்தான் நேற்று வரை நன்றாக ஓடியது இன்று திடீரென்று படுத்துவிட்டதுபோல் தோன்றும்.

ஆனால் ஆர்டர் போடுமுன் அந்த 1.4 நிஜமா என்று பாருங்கள். முதல் சந்தேகம் சராசரி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும் சராசரியில், பத்து விநாடி முட்டிக்கொண்டு நின்றதெல்லாம் தெரியவே தெரியாது. இரண்டாவது, எத்தனை பைட் போனது என்று எண்ணும் கவுண்டர். பழைய கண்காணிப்பு மென்பொருள் 32 பிட் கவுண்டரைப் படித்தால், 1 ஜிபிபிஎஸ் ஓட்டத்தில் அது 34 விநாடிக்கு ஒருமுறை நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பிவிடும். ஐந்து நிமிட இடைவெளி வைத்தீர்கள் என்றால், ஓட்டம் சுமார் 114 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டியதும் கிராஃப் காட்டுவது எல்லாம் பொய். 64 பிட் கவுண்டர்தானா என்று பாருங்கள், பத்து விநாடிக்கு ஒருமுறை எடுங்கள், அப்புறம் பேசுவோம்.

---

உப்புக்காற்று

கவுண்டர் 64 பிட்தான். நேற்று இரவு பத்து விநாடிக்கு ஒன்றாக எடுத்தேன். விக்கெட் விழும்போது 1.7 வரை போகிறது, 2ஐத் தொடவே இல்லை. போர்ட்டில் பாக்கெட் டிராப்பும் இல்லை. வீடுகளுக்கு ஃபைபர் பிரிந்து போகும் பிஓஎன் பக்கமும் பார்த்தேன், ஒரு ஜிபான் போர்ட்டுக்கு கீழே 2.488, மேலே 1.244 ஜிபிபிஎஸ், எங்கள் ஸ்ப்ளிட்டர்கள் 1:32, அதாவது ஒரு ஃபைபர் 32 இணைப்பாகப் பிரிகிறது, அங்கேயும் நெரிசல் இல்லை. தலையைப் பிய்த்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

---

நாட்டுப்படகு (கீழக்கரை, இப்போது ஷார்ஜா)

உப்புக்காற்று காக்கா, நான் டெக்னிக்கல் ஆள் இல்லை, உங்கள் கஸ்டமரின் மகன். இங்கே அமீரகத்தில் வாட்ஸாப் கால் வேலை செய்யாது, போட்டிம் மாதிரி அனுமதி உள்ள ஆப்பில்தான் வீட்டுக்குப் பேசுகிறோம். இங்கே ஏழரை என்றால் ஊரில் ஒன்பது, வேலை முடிந்து உம்மாவிடம் பேச அதுதான் நேரம். கால் போகவே போகாது. நாலைந்து தடவை அடித்தபிறகு திடீரென்று கிடைக்கும். ஆனால் கிடைத்துவிட்டால் ஒரு மணி நேரம் பேசினாலும் படம் உடையாது. லைன் நிறைந்திருந்தால் பேச்சும் சேர்ந்தல்லவா உடைய வேண்டும்? லாத்தா வீடு அதே தெருவில், வேறு கம்பெனி லைன், அங்கே இந்தப் பிரச்சினை இல்லை.

---

ரூட்டர்காரன்

ஷார்ஜாக்காரர் முடிச்சை அவிழ்த்துவிட்டார். பழைய இணைப்பு உயிரோடு இருக்கிறது, புதிய இணைப்பு மட்டும் பிறக்க மாட்டேன் என்கிறது. இது பேண்ட்வித் பிரச்சினை இல்லை, சிஜிநாட் பிரச்சினை.

மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4இல் முகவரி மொத்தமே சுமார் 430 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3ஆம் தேதியோடு தீர்ந்துவிட்டது. அதனால் சின்ன நிறுவனங்கள் நூறு வாடிக்கையாளரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்து, யாருடைய பாக்கெட் எது என்று போர்ட் எண்ணை வைத்துப் பிரிக்கிறார்கள், அதுதான் சிஜிநாட். ஒரு முகவரிக்குப் பயன்படுத்தக்கூடிய போர்ட் 1024 முதல் 65535 வரை, ஆக 64,512. ஒவ்வொரு புதிய இணைப்பும் அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். ராமேஸ்வரம் கோயிலில் அமாவாசை அன்று பிரகாரம் அகலமாகத்தான் கிடக்கும், ஆனால் தீர்த்தக் கிணற்று மேட்டில் வாளி இறைப்பவர் நாலு பேர்தானே, வரிசை அங்கேதான் நிற்கும். பிரகாரத்தை இன்னும் அகலப்படுத்தி என்ன பிரயோசனம்?

ஒரு ஸ்மார்ட் டிவியும் நாலு போனும் உள்ள வீடு சாதாரணமாகவே சில நூறு போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். விளம்பரம் நிறைந்த ஒரு செய்திப் பக்கம் திறந்தால் மட்டும் எத்தனை சர்வருக்குப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். சிஜிநாட் பெட்டியில் ஒருவருக்கு எத்தனை போர்ட், ஒதுக்க முடியாமல் போன எண்ணிக்கை எவ்வளவு, இரண்டையும் எடுத்துப் போடுங்கள்.

---

உப்புக்காற்று

பார்த்துவிட்டேன். பொது முகவரி 16. ஆளுக்கு 512 போர்ட் என்று நிலையாக வெட்டி வைத்திருக்கிறது. ஒரு முகவரிக்கு 126 பேர், 16 முகவரிக்கு 2016 பேர், எங்களிடம் இருப்பது ஆயிரத்து ஐந்நூறு, தாராளம் என்று எனக்கு முன்னால் இருந்தவர் கணக்குப் போட்டிருக்கிறார். ஆள் கணக்கு சரிதான், ஆளுக்கு 512 என்பதுதான் பற்றவில்லை. ஒதுக்கீடு தோல்வி கவுண்டர் எட்டு மணிக்கு மேல் விறுவிறுவென்று ஏறுகிறது. இந்த கவுண்டரை எந்த கிராஃபிலும் யாரும் போடவில்லை.

நிலையாக வெட்டியதற்குக் காரணமும் இருக்கிறது. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி லாக் 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வரி லாக் எழுதினால் டிஸ்க் தாங்காது. ஆளுக்கு ஒரு கட்டு என்று நிலையாகப் பிரித்துவிட்டால், யாருக்கு எந்தக் கட்டு என்று ஒரே ஒரு பட்டியல் போதும்.

நேரக் கெடுவைக் குறைத்தால் போர்ட் சீக்கிரம் திரும்பக் கிடைக்குமா? சும்மா கிடக்கும் டிசிபி (பாக்கெட் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்த்து அனுப்பும் முறை) இணைப்பு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போர்ட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

---

ரூட்டர்காரன்

வேண்டாம். அந்த இரண்டு மணி நேரம் யாரோ போகிற போக்கில் வைத்ததில்லை. இப்படி முகவரி மாற்றும் நாட் பெட்டிகளுக்கான தரநிலையில் நிலைபெற்ற டிசிபி இணைப்புக்கு 2 மணி 4 நிமிடத்துக்குக் குறையக்கூடாது, அப்படிச் சரிபார்க்காமல் அனுப்பும் யுடிபிக்கு 2 நிமிடத்துக்குக் குறையக்கூடாது என்று இருக்கிறது. குறைத்தால் புகார் வேறு ரூபத்தில் வரும். நோட்டிஃபிகேஷன் அரை மணி கழித்து வரும், யாராலும் காரணம் கண்டுபிடிக்க முடியாது.

ஆளுக்கு 1024 ஆக்குங்கள். ஒரு முகவரிக்கு 63 பேர் என்றாகிவிடும், பழைய 2016 பேர் கணக்கு அப்படியே நிற்க 32 முகவரி வேண்டும். அப்ஸ்ட்ரீம்காரரிடம் இன்னொரு 16 கேளுங்கள், ஜிபி விற்கத் துடிப்பவர் இதைத் தரமாட்டாரா. இது ஒட்டுப் போடுவதுதான். நிஜ வைத்தியம் ஐபிவி6, முகவரிக்குப் பஞ்சமே இல்லாத புது முறை.

---

பாம்பன்வாசி

ஐபிவி6 ஐபிவி6 என்று நான் கல்யாணம் ஆன காலத்திலிருந்து கேட்கிறேன். யார் வீட்டில் ஓடுகிறது? நம் ஊரில் போட்டிருக்கும் மோடத்துக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

---

ரூட்டர்காரன்

உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனில்தான் அண்ணே ஓடுகிறது. ஜியோ 2016 செப்டம்பரில் சேவை தொடங்கியபோதே ஐபிவி6ஐ அடிப்படையாக வைத்துத்தான் கட்டியது, இன்று உலகில் அதிகம் பயன்படுத்தும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. யூடியூப், நெட்ஃப்ளிக்ஸ், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாம் ஐபிவி6இல் வரும். வீட்டு டிராஃபிக்கில் பெரும்பங்கு இவைதானே. இவை ஐபிவி6க்கு மாறினால் சிஜிநாட்டைத் தொடாமலே போய்விடும். பெரிய சிஜிநாட் பெட்டி வாங்கும் காசும் மிச்சம்.

மோடம் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதுதான் நிஜமான வேலை. பாதி மோடத்தில் வசதி இருந்தும் அணைத்து வைத்திருப்பார்கள், அது ஓஎல்டியிலிருந்தே (வீட்டு ஃபைபர் எல்லாம் வந்து சேரும் நம் பக்கத்துப் பெட்டி) மொத்தமாக மாற்றக்கூடியது. வாடிக்கையாளர் தன் காசில் வாங்கி மோடத்துக்குப் பின்னால் மாட்டிய வைஃபை ரூட்டர்தான் தொல்லை. அதை பிரிட்ஜ் முறைக்கு, அதாவது தானே முகவரி பிரிக்காமல் வெறுமனே கடத்தும் முறைக்கு, மாற்ற வீடு வீடாகத்தான் போக வேண்டும்.

---

முத்துச்சிப்பி (ராமநாதபுரம்)

நான் ஒரு கல்வி வளாகத்தின் நெட்வொர்க் பார்க்கிறேன், இணைப்பு விற்கும் ஐஎஸ்பி இல்லை. இருந்தாலும் இந்த இழையில் எல்லோரும் டிராஃபிக் அளவைப் பற்றியே பேசுகிறீர்கள். நெட்வொர்க் பெரிதானால் அளவு மட்டுமா ஏறும், எது எங்கே இணைந்திருக்கிறது என்று ஒருவர் தலையில் வைத்திருக்க முடியாத நிலை வரும். எங்களிடம் கட்டடம் கட்டடமாக ஸ்விட்ச் சேர்த்துச் சேர்த்து எல்லாம் ஒரே தட்டையான நெட்வொர்க். ஒரு நாள் யாரோ ஆய்வகத்தில் ஒரே கேபிளின் இரண்டு முனையையும் சுவர் பாயின்ட்டில் குத்திவிட்டார்கள். அந்த லூப்பில் ஒரு பிராட்காஸ்ட் பாக்கெட் சுற்றிச் சுற்றி மொத்த வளாகமும் படுத்தது. 2002 நவம்பரில் பாஸ்டனில் பெத் இஸ்ரேல் மருத்துவமனை நாட்கணக்கில் காகிதத்துக்குத் திரும்பிய கதையும் இந்த வகைதான், லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயின் எல்லையைத் தாண்டி நெட்வொர்க் வளர்ந்திருந்தது.

வீலான் என்று நெட்வொர்க்கைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்து, மாடிக்கு மாடி ரூட்டிங் வைத்தபிறகு டிராஃபிக் பல மடங்கு ஏறியும் நிம்மதியாகத் தூங்குகிறேன். அப்புறம் ஸ்விட்ச் கான்ஃபிக் எல்லாம் கிட் (Git) என்ற மாற்றப் பதிவு மென்பொருளில் இருக்கிறது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று தெரியும். உப்புக்காற்று, உங்கள் 512ஐ யார் ஏன் வைத்தார் என்று ஊகித்துத்தானே எழுதினீர்கள்?

---

உப்புக்காற்று

ஊகம்தான் அக்கா. கான்ஃபிக் ஒரு லேப்டாப்பில் இருந்தது, அந்த லேப்டாப் அவரோடு போய்விட்டது.

---

முத்துச்சிப்பி

இன்னொன்றும் கேட்கிறேன். லைன் அறுந்தால் உங்கள் ஓஎல்டிக்குள் எப்படி நுழைவீர்கள்? 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க மறைந்தது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையால் அவர்களுடைய முதுகெலும்பு நெட்வொர்க் அறுந்தது, உடனே பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் சர்வர்கள் தங்களுக்கு வரும் வழியை மற்ற நெட்வொர்க்குகளுக்குச் சொல்லும் பிஜிபி அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டன, சரிசெய்ய வேண்டியவர்கள் உள்ளே போக வைத்திருந்த கருவிகளும் அதே நெட்வொர்க்கைத்தான் நம்பியிருந்தன. அவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படி. ஒவ்வொரு ஓஎல்டி அறையிலும் ஒரு 4ஜி சிம் ரூட்டர், அதிலிருந்து கன்சோல் போர்ட்டுக்கு ஒரு கேபிள். சிம் மட்டும் வேறு கம்பெனியுடையதாக இருக்கட்டும்.

---

வலைஞன் (தேவிபட்டினம்)

நான் கம்பம் ஏறுகிற ஆள். நீங்கள் எல்லாம் மேலே இருந்து பேசுகிறீர்கள், நம் கரையில் பாதிப் பிரச்சினை உப்பில் இருக்கிறது. நெட் கேபிள் நுனியில் இருக்கும் ஆர்ஜே45 பின் ஒரே மழைக்காலத்தில் பச்சை பிடித்துவிடும். ஜாயின்ட் பாக்ஸின் ரப்பர் வளையம் வெயிலில் வெடித்து, ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே போய், டப்பாவைத் திறந்தால் ஃபைபர் மிதக்கும். உடனே அறுந்தால் தேவலை, கண்டுபிடித்துவிடலாம். அது கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். வெளிச்சம் மைனஸ் 20 டிபிஎம்மில் இருந்தது 23, 25 என்று இறங்கி 27ஐ ஒட்டியதும் பாக்கெட் தவற ஆரம்பிக்கும். டிசிபிக்கு உப்பும் தெரியாது நெரிசலும் தெரியாது, பாக்கெட் போனாலே நெரிசல் என்று நினைத்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் ஸ்லோ என்பார், ஆபீஸில் பேண்ட்வித் பற்றவில்லை என்பார்கள்.

ஒவ்வொரு மோடமின் வெளிச்ச அளவையும் ஓஎல்டியே சொல்லும். தினமும் அதை எடுத்துவைத்து, போன மாதத்தைவிட 2 டிபி இறங்கியது எது என்று மட்டும் பட்டியல் போட்டுக் கொடுங்கள். மழைக்கு முன்னால் நான் போய் மூடியை மாற்றிவிடுகிறேன். கனெக்டர் முனையைப் பனியனில் துடைக்கும் பையன்களுக்கு ஒரு ஐபிஏ (ஆல்கஹால்) பாட்டிலும் துடைக்கிற தாளும் வாங்கிக் கொடுத்தாலே பாதிப் புகார் நின்றுவிடும்.

---

பாம்பன்வாசி

வலைஞன் சொல்வது நூற்றுக்கு நூறு. தீவில் இன்னும் மோசம், இரண்டு பக்கமும் கடல்.

---

உப்புக்காற்று

நிலவரம் சொல்கிறேன். இன்னொரு 16 முகவரி இரவலாகக் கிடைத்தது, ஆளுக்கு 1024 ஆக்கியாயிற்று. ஒதுக்கீடு தோல்வி ஏறக்குறைய நின்றுவிட்டது. ஏர்வாடி ஓஎல்டியில் மட்டும் ஐபிவி6 திறந்தோம், அந்தப் பக்கம் பாதிக்கு மேல் டிராஃபிக் அதில்தான் போகிறது, நானே எதிர்பார்க்கவில்லை. போன் தொல்லை அடங்கிவிட்டது.

ஆனால் இன்னொன்று நடந்திருக்கிறது. 1.4ஆக இருந்த இரவு உச்சம் இப்போது 1.8. பத்து விநாடிக் கணக்கில் 2ஐத் தொட்டுத் தொட்டு வருகிறது.

---

பாம்பன்வாசி

ஹா ஹா! முதல் பதிலிலேயே நான் என்ன சொன்னேன் தம்பி?

---

ரூட்டர்காரன்

ஒத்துக்கொள்கிறேன் அண்ணே, இப்போது வாங்க வேண்டியதுதான். இதுவரை திறக்காமல் செத்த பக்கங்கள் எல்லாம் கிராஃபில் வராத தேவை, அடைப்பு எடுத்ததும் வெளியே வந்துவிட்டது. முதலிலேயே ஜிபி வாங்கியிருந்தால் காசும் போயிருக்கும், புகாரும் அப்படியே இருந்திருக்கும்.

வாங்கும்போது இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். வீடியோ நகலைப் பக்கத்திலேயே வைத்துத் தரும் கேச் சர்வர் அவரிடம் மதுரையில் இருக்கிறதா, சென்னையில் இருக்கிறதா, என்னென்ன கேச். 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்தார்கள். அது எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தால் எந்த நாட்டு லைனும் தாங்காது, பக்கத்தில் வைத்த கேச்தான் தாங்கியது. உங்கள் அளவுக்குச் சொந்தமாக கேச் தரமாட்டார்கள், அப்ஸ்ட்ரீமிடம் இருப்பதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது, புது ஜிபி எந்த வழியாக வருகிறது?

---

உப்புக்காற்று

வேறு கம்பெனியிடம் கேட்டிருக்கிறோம், பேக்கப்புக்கும் ஆகட்டும் என்று. அவர்களும் மதுரை சாலை வழிதான்.

---

வலைஞன்

அப்படியென்றால் பேக்கப் இல்லை. பரமக்குடி தாண்டி ஒரு ஜேசிபி சாலையோரம் தோண்டினால் இரண்டும் சேர்ந்தே போகும். பில் மட்டும்தான் இரண்டு கம்பெனி, குழி ஒன்று. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சாயல்குடி, தூத்துக்குடி என்று போகிறவர் யாராவது இருந்தால் அவரிடம் வாங்குங்கள். ரேட் கூட இருக்கும், பரவாயில்லை.

---

பாம்பன்வாசி

உங்களுக்காவது இரண்டு சாலை இருக்கிறது. எங்களுக்கு இரண்டு லைன் வாங்கினாலும் இரண்டும் பாலத்தின் மேல்தான் வருகிறது. எதிர்க்கரையிலிருந்து ரேடியோ லிங்க் ஒன்று போட்டுப் பார்த்தோம், கடல் மேல் போகும் சிக்னல் தண்ணீரில் பட்டுத் தெறித்து, சில ராத்திரி காரணமே இல்லாமல் விழும். உயரம் மாற்றி இரண்டு டிஷ் வைத்தபிறகு ஓரளவு நிற்கிறது. மேட்சுக்கு ஆகாது. ஏடிஎம், போன் கால், நம் அலாரம், இதற்கெல்லாம் ஆகும்.

---

ரூட்டர்காரன்

உப்புக்காற்று, இரண்டு அப்ஸ்ட்ரீம் என்று ஆனபிறகு இரவல் முகவரி சரிப்படாது. ஒன்றின் முகவரியை இன்னொன்றின் வழியாக அனுப்ப முடியாது. இந்தியாவில் இணைய முகவரி ஒதுக்கும் ஐஆர்ஐஎன்என்னில் விண்ணப்பித்து சொந்த ஏஎஸ் எண் (உங்கள் நெட்வொர்க்கின் அடையாள எண்), ஐபிவி6 தொகுதி, கிடைக்கும் சிறு ஐபிவி4 தொகுதி மூன்றையும் வாங்கிவிடுங்கள். 256 முகவரிக்குக் குறைந்த தொகுதியை உலகில் பெரும்பாலானவர்கள் பிஜிபியில் ஏற்பதில்லை, நினைவில் இருக்கட்டும்.

பிஜிபி பேச ஆரம்பித்ததும் முழு ரூட்டிங் பட்டியலையும் அனுப்பட்டுமா என்று கேட்பார்கள். ஆசைப்படாதீர்கள். ஐபிவி4 பட்டியல் இன்று பத்து லட்சத்தை ஒட்டி இருக்கிறது. 2014 ஆகஸ்ட் 12 அன்று அது 5 லட்சத்து 12 ஆயிரத்தைத் தாண்டியபோதே உலகம் முழுக்கப் பழைய ரூட்டர்கள் நினைவகம் நிரம்பித் தடுமாறின. உங்கள் பெட்டிக்கு, மற்றதெல்லாம் இந்த வழி என்று சொல்லும் டிஃபால்ட் ரூட்டும், அந்தந்த அப்ஸ்ட்ரீமின் சொந்த வாடிக்கையாளர், கேச் பட்டியலும் போதும்.

---

உப்புக்காற்று

சரி. சாயல்குடி வழி லைன் வைத்திருக்கும் ஒருவரிடம் பேசினேன், கீழக்கரை வரை அவருக்கு ஃபைபர் இல்லை, ஏர்வாடி விலக்கோடு நிற்கிறது. அங்கிருந்து எங்கள் ஏர்வாடி ஓஎல்டி அறை வரை நாங்களே கம்பத்தில் இழுத்துக்கொள்ள வேண்டும். வலைஞன், இந்த வாரம் கொஞ்சம் நேரம் இருந்தால் அந்த வழியை ஒருமுறை வந்து பார்க்க முடியுமா?

---

வலைஞன்

வெள்ளி ஜும்மா முடிந்து வருகிறேன். ஃபைபரில் எங்கே பழுது என்று காட்டும் ஓடிடிஆர் என்னிடம் இருக்கிறது, ஏணி மட்டும் உங்களுடையது.